பழைய பிளேஸ்டேஷன் 2 வாங்கப் போகிறவர்கள் டிஸ்க்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் உள்ள பழைய எலக்ட்ரானிக்ஸ் கடையில், பொங்கலுக்கு முந்தைய வாரம் 11,500 ரூபாய் கொடுத்து சோனியின் பழைய வீடியோ கேம் சாதனமான பிளேஸ்டேஷன் 2 செட் ஒன்றும், இரண்டு ஜாய்ஸ்டிக்கும், ஆடியதைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டு ஒன்றும், ஏழு கேம்களும் வாங்கினேன். ஏழும் ஒரிஜினல் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏழில் ஒன்றுகூட ஒரிஜினல் இல்லை. டிஸ்க்கைப் படிக்கும் செட்டின் லென்ஸும் சாகும் தறுவாயில் இருந்ததை மறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதே சந்தில் இதே ஆசையோடு ஏறி இறங்கும் வேறு யாரும் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காகவே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

இந்தச் செட்டை நான் தேடியதற்குக் காரணம் என் தம்பி. 2005-இல் துபாயிலிருந்து வந்த மாமா எங்களுக்கு ஒரு பிளேஸ்டேஷன் 2 கொண்டுவந்து கொடுத்தார். பெண்பிள்ளை என்பதால் என்னைக் கேம் சென்டருக்கு அனுப்ப மாட்டார்கள். ஆகவே செல்லூர் வீட்டின் முன்னறையே எங்களுக்குக் கேம் சென்டர் ஆனது. 2003-இல் வந்த ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் த பெய்ன் என்ற மல்யுத்த ஆட்டத்தில் அவன் எப்போதும் பிராக் லெஸ்னரை எடுப்பான், நான் ரே மிஸ்டீரியோவை எடுப்பேன். சான் ஆண்ட்ரியாஸ் ஆட்டத்தில் கொடுத்த வேலையை முடிக்காமல் சைக்கிளிலேயே ஊரைச் சுற்றுவோம். கிரிக்கெட் 07-க்குக் கோடை விடுமுறை முழுவதும் போய்விடும். ஷேடோ ஆஃப் த கொலோசஸ் மட்டும் நான் தனியாக ஆடியது. 2005-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில் வழியில் வெட்டிச் சாய்க்கச் சில்லறை எதிரிகளே கிடையாது. அகண்ட வெட்டவெளியும், ஒரு குதிரையும், ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் போய் ஏறி வீழ்த்த வேண்டிய பதினாறு பேருருவங்களும் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றும் சரியும்போது வெற்றியை விடத் துக்கமே மேலிடும். பதினைந்து வயதில் எனக்கு அந்த உணர்வு புதிது, அதற்குப் பின் வந்த எந்த ஆட்டமும் அதைத் தந்ததில்லை.

2011-இல் வீடு மாறியபோது அந்தச் செட்டைக் கொடுத்துவிட்டோம். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி இந்தப் பொங்கலுக்கு நான்கு நாள் தங்க வருகிறான் என்றதும், வில்லாபுரத்தில் என் வீட்டு டிவியில் அந்த ஆட்டங்களை மறுபடியும் அவனோடு ஆட வேண்டும் என்று முடிவு செய்தேன். சான் ஆண்ட்ரியாஸும் ஷேடோ ஆஃப் த கொலோசஸும் புதுக் கன்சோல்களுக்குப் புதுப்பித்து வந்திருக்கின்றன என்பது தெரியும். ஆனால் ஹியர் கம்ஸ் த பெய்ன் வேண்டுமென்றால் பழைய செட்டுக்குத்தான் போக வேண்டும், அந்தச் செட்டின் உற்பத்தியோ 2013-இன் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்று கைக்குக் கிடைப்பவை எல்லாம் யாரோ பயன்படுத்தி விட்டவைதான். விற்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு பிடிமானம் இல்லாத நிலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கடைக்காரர் இனிமையாகப் பேசினார். கேம் உறைகளை ஒன்றொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசை மீது பரப்பினார். உறைகள் உண்மையிலேயே அசல். உள்ளே கையேடுகூட இருந்தது. "எல்லாம் ஒரிஜினல்க்கா. ஃபாரின்ல இருந்து வந்த ஒருத்தர் மொத்தமாக் குடுத்துட்டுப் போனாரு" என்றார். செட்டைப் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரையில் நீல ஒளி பரவி, தூண்கள் வரிசையாக எழுந்து நின்றன. விவரம் அறிந்தவர்களுக்குத் தெரியும்: மெமரி கார்டில் பதிவான ஆட்ட வரலாற்றைப் பொறுத்துத்தான் அந்தத் தூண்கள் எழும். அன்று திரையில் காடுபோல் தூண்கள் நின்றன. யாரோ ஆண்டுக்கணக்காக ஆசையோடு ஆடிய செட் இது என்று நினைத்தபோதே என் மனம் பாதி முடிவெடுத்துவிட்டது. ஹியர் கம்ஸ் த பெய்னைப் பத்து நிமிடம் ஓட்டினார். காட் ஆஃப் வார் 2 என்ற சண்டை ஆட்டத்தை மெனு வரும்வரை காட்டிவிட்டு வெளியே எடுத்தார். மற்ற ஐந்தையும் போட்டுக் காட்டச் சொன்னபோது, "அதெல்லாம் ஓடும்க்கா, ஓடலைன்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்" என்றார். பில் கேட்டதற்குப் பழைய சாமானுக்குப் பில் போடுவதில்லை என்று சொல்லி, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார். ஜிபே பணமும் கடைப் பெயருக்குப் போகாமல் தனிநபர் எண்ணுக்குப் போனது. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு இரவுகள் குறையின்றிக் கழிந்தன. மூன்றாம் இரவு காட் ஆஃப் வார் 2-ஐப் போட்டேன். ரோட்ஸ் நகரத்துப் பெருஞ்சிலையோடு மோதும் தொடக்கப் பகுதியைத் தாண்டிப் போகப் போக, கதை சொல்லும் படக்காட்சி வர வேண்டிய இடங்களில் திரை ஒரு நொடி கறுத்து, ஆட்டம் நேராக அடுத்த கட்டத்துக்குத் தாவியது. இதன் காரணம் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அந்த ஆட்டம் 8.5 ஜி.பி. கொள்ளும் இரண்டடுக்கு டிவிடியில் வெளியானது. அதை 4.7 ஜி.பி. மட்டுமே கொள்ளும் மலிவான வெற்று டிவிடியில் அடைக்க வேண்டும் என்பதற்காகக் காட்சிகளை வெட்டி எறிந்துவிட்டு நகல் எடுப்பார்கள். இரண்டடுக்கு டிவிடியில் வந்த கார் பந்தய ஆட்டமான கிரான் டூரிஸ்மோ 4-க்கும் இதே கதிதான். அதாவது நான் பணம் கொடுத்து வாங்கியது ஆட்டத்தின் ஒரு பகுதியை மட்டும்.

அடுத்த நாள் ஷேடோ ஆஃப் த கொலோசஸ் மூன்றாவது பேருருவத்தின் முன் உறைந்து நின்றது. அதற்கு மறுநாள், சான் ஆண்ட்ரியாஸில் பதினான்கு மணி நேரம் ஆடிச் சேர்த்து வைத்திருந்த சேவ் (ஆட்டப் பதிவு), மெமரி கார்டில் இருந்து மொத்தமாக அழிந்தது. செட்டை அணைத்துப் போட்டபோது திரையில் ஒரு தூண்கூட எழவில்லை. கார்டைக் கழற்றிப் பார்த்தால் சோனியின் பெயருக்குக் கீழே 64 எம்.பி. என்று அச்சடித்திருக்கிறது. சோனி தன் பெயரில் விற்ற கார்டு 8 எம்.பி. கொண்டது. கொள்ளளவு பெரிதாக இருக்கிறதே என்று கடையில் நான் மகிழ்ந்ததுதான் அந்தப் போலியின் முகவரியாக இருந்தது.

அலுவலகத் தோழி ஒருவரின் வீட்டில், நகல் டிஸ்க்கையும் ஓடவைப்பதற்காகப் பொருத்தும் சிப் எதுவும் போடாத பழைய செட் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. ஏழு டிஸ்க்குகளையும் அங்கே எடுத்துச் சென்றேன். ஏழுக்கும் ஏழு முறையும் திரை சிவந்து, பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் போடச் சொல்லும் வாசகமே வந்தது. நகல் டிஸ்க்கைச் சிப் போடாத செட் ஏற்காது. அவர்களிடமிருந்த டெக்கன் 5 என்ற சண்டை ஆட்டத்தின் ஒரிஜினல் டிஸ்க்கைப் போட்டதும் உடனே ஓடியது. அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

என் செட்டைச் சிம்மக்கல் பக்கம் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுத்தேன். போர்டில் மெல்லிய கம்பிகளால் பற்றவைத்த அந்தச் சிப்பை (மோட் சிப்) அவர் முதலில் காட்டினார். பிறகு லென்ஸ் தொகுதியில் இருந்த, கடுகளவே இருக்கும் இரண்டு திருகுகளைச் சுட்டினார். லேசரின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் அவை. ஆயுள் முடிந்த லென்ஸை அவற்றைத் திருகி வலிந்து வேலை வாங்கினால் கடையில் போட்டுக் காட்டும் அளவுக்கு ஓடும். பிறகு முன்னிலும் வேகமாகக் கெட்டுப்போகும். திருகின் காடி தேய்ந்து பளபளத்ததை உருப்பெருக்கி வழியாக நானே பார்த்தேன். "இது ஒரு தடவை திருகுனது இல்லம்மா, பல தடவை கை வச்சிருக்காங்க" என்றார். அவர் கூலியாக நூறு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் பின்வருவதை மனத்தில் வையுங்கள். உறையும் கையேடும் அசலாக இருப்பது எதையும் நிறுவாது. டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்புங்கள். ஆலையில் அச்சான டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளிபோல் இருக்கும். வீட்டுக் கணினியில் வெற்று டிவிடியில் பதிவு செய்த நகலை வெளிச்சத்தில் சாய்த்தால் ஊதா சாயல் தெரியும். இந்தச் செட்டுக்குச் சிடியில் வந்த சில ஆட்டங்களின் அடிப்பக்கம் இயல்பாகவே நல்ல நீலமாக இருக்கும், அதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் அசல் டிஸ்க்கில் பொடி எழுத்தில் ஆலைக் குறியீடுகள் பொறித்திருக்கும். என்னிடம் உள்ளவற்றில் வெற்று டிவிடி வரிசை எண்தான் இருக்கிறது. மேல்பக்கத்தில் படம் அச்சிட்ட ஸ்டிக்கரின் விளிம்பு நகத்தில் தட்டுப்பட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் மெனுவோடு நிறுத்தாமல் ஆட்டத்துக்குள் நுழைந்து ஓட்டச் சொல்லுங்கள், செட்டை ஒரு மணி நேரமாவது சூடேற விடுங்கள். ஒரிஜினல் டிஸ்க் ஒன்றை யாரிடமாவது கேட்டுக் கையோடு கொண்டு செல்வது இன்னும் நல்லது. சிப் போட்ட செட் என்று தெரிந்தே வாங்குபவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. சிப் இருப்பதை மறைத்து ஒரிஜினல் விலை வாங்குவதுதான் மோசடி.

ஆறாம் நாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பழைய பொருளுக்கு கேரண்டி கிடையாதுக்கா, வேணும்னா வேற ஏழு டிஸ்க் எடுத்துக்கோங்க" என்று அதே இனிமையோடு சொன்னார். அவர் நீட்டிய வேறு ஏழும் ஊதா சாயலோடுதான் இருந்தன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதும், காலவரம்பு எதுவும் எழுதித் தராத நிலையில் குறையுள்ள பொருளை முப்பது நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம் என்பதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. ஜிபே ரசீது, விசிட்டிங் கார்டு, திருகின் படம், சிவந்த திரையின் வீடியோ ஆகிய அனைத்தையும் பத்திரப்படுத்தியுள்ளேன். உங்களிடமும் அந்தச் சந்தில் வாங்கிய டிஸ்க்குகள் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அவை சாட்சி.

பொங்கலுக்கு வந்த தம்பி, தோழி வீட்டிலிருந்து இரவல் வாங்கிய செட்டில் என்னோடு டெக்கன் 5 மட்டும் ஆடிவிட்டுப் பெங்களூர் திரும்பினான். கடந்த சனிக்கிழமை அந்தச் சந்து வழியாகப் போனேன். காட் ஆஃப் வார் 2-இன் உறை ஒன்று, முன்பு நின்ற அதே அடுக்கில், கண்ணாடிக்குப் பின்னால் மறுபடியும் நின்றுகொண்டிருந்தது.