வின்ச் மாட்டக் கொடுத்தேன், ஸ்டியரிங்கை அறுத்துத் தந்தார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஓட்டும் என் பழைய ஜீப்புக்கு 9,500 பவுண்டு இழுக்கும் வின்ச் (சேற்றில் சிக்கிய வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கும் மிஷின்) மாட்ட, இடுக்கிப் பக்கம் ஒரு ஜீப் பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். வின்ச், அதை உட்கார வைக்கும் பிளேட், கூலி எல்லாம் சேர்த்து 84,000 ரூபாய்.

நம்பினதற்குக் காரணம் உண்டு. சேற்றில் கிடந்த லோடு வண்டி ஒன்றைப் பட்டறைக்காரர் என் கண் முன்னால் வின்ச் வைத்து இழுத்துக் காட்டினார். கட்டன்சாயா வாங்கிக் கொடுத்தார். "ஸ்டியரிங்ல இடிக்காதா?" என்று நான்தான் கேட்டேன். "அண்ணே, ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டேன்" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் 84,000 ரூபாயையும் முன்னாடியே எண்ணி வைத்தேன். பில் கேட்டதற்கு, போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்றார். சரி என்று விட்டது என் மடத்தனம்.

வண்டியை எடுத்துக்கொண்டு போடிமெட்டு இறங்கினேன். 17 கொண்டை ஊசி வளைவு. பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் வெட்டுகிறது, திருப்பினால் நேராகத் திரும்பி வர மறுக்கிறது. போடியில் பழைய மெக்கானிக் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் பேசவே இல்லை, டார்ச்சை மட்டும் நீட்டினார். வின்ச்சில் வடம் சுற்றும் டிரம்முக்கு இடம் விட, டிராப் ஆர்மை (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கை) கேஸ் வைத்துச் சுட்டு வளைத்திருக்கிறார்கள். அந்தக் கையிலிருந்து சக்கரத்தைத் திருப்பப் போகும் கம்பியான டிராக் லிங்க்கை அறுத்து ஒட்டுப் போட்டு, மேலே கறுப்புப் பெயின்ட். வெல்டிங்கில் மயிரிழை விரிசல். அடித்துப் பதம் ஏற்றிய இரும்பைச் சுட்டால் பதம் போய்விடாதா? லிங்க்கின் சாய்வும் மாறிவிட்டதால், ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போதெல்லாம் அது சக்கரத்தைத் தள்ளுகிறது. வின்ச்சைத் தூக்கி பம்பருக்கு முன்னால் வைத்திருந்தால் இதற்கெல்லாம் வேலையே இல்லை.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். "புதுசுல அப்படித்தான், ஓட ஓட செட் ஆயிரும்." மறுநாள், "ஏலக்கா சீசன், ஆள் இல்லண்ணே." அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால், "நீங்க ஓவர் லோடு இழுத்திருப்பீங்க." அந்த வின்ச்சால் நான் இதுவரை ஒரு கட்டையைக்கூட இழுக்கவில்லை!

84,000 போனது போனதுதான். மாட்டப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியதை விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஸ்டியரிங் பாகத்தில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். மாட்டி முடித்ததும் அடியில் படுத்துப் பாருங்கள், புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள். முழுப் பணம் முன்னாடி வேண்டாம், பில் வாங்குங்கள். தேனிக்கு பஸ் பிடித்துப் போய் டிராப் ஆர்மும் டிராக் லிங்க்கும் வாங்க வேண்டும், கிளம்புகிறேன்.