ஒரே வாசல் உள்ள வீடு: கினி பன்றிக் கூண்டிலிருந்து ஓர் அனுபவம்

தோழி ஒருத்தி புதிதாக ஒரு கினி பன்றியை (பெயர்தான் பன்றி, உண்மையில் கொறித்துத் தின்கிற சின்ன வளர்ப்புப் பிராணி) தத்தெடுத்திருக்கிறாள். வந்ததிலிருந்து அது மூலையை விட்டு நகரவே இல்லையாம். "உன் கூண்டில் இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் குமிழ் வீட்டையே நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். அதன் மேல் மரியாதை நிறைய உண்டு, கோபம் அதைவிட நிறைய.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டியான பிளாஸ்டிக். கினி பன்றிக்குப் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். எங்கள் மூத்தவள் பூசணி ஒரு மர வீட்டின் விளிம்பையே கரைத்திருக்கிறாள். இந்தக் குமிழில் லேசான கீறல்கள் மட்டும்தான். இவற்றின் சிறுநீரில் கால்சியம் நிறையப் போகும், காய்ந்தால் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் அது கழன்று வந்துவிடுகிறது. மரம் என்றால் ஈரத்தைக் குடித்துவிட்டு நாற ஆரம்பிக்கும். எடையும் போதுமானது, முட்டினாலும் கவிழாது. உள்ளே நல்ல இருட்டு, வளர்ந்த கினி பன்றி ஒன்று சுற்றித் திரும்பிப் படுக்க இடமும் இருக்கிறது.

ஆனால் வாசல் ஒன்றுதான்.

பூசணி மட்டும் அதில் படுத்துத் தூங்கியவரை இந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் இயல்பிலேயே தைரியசாலி. இரண்டாவது கினி பன்றியாகச் சிட்டு வந்த பிறகுதான் அந்த ஒற்றை வாசல் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. சிட்டு முன்பு இருந்த இடத்தில் சின்னக் கூண்டு, துணை கிடையாது, ஒளிய ஓர் அட்டைப்பெட்டிகூடக் கிடையாது. தனியாக வைத்து நோய் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பூசணியோடு சேர்த்தோம். காகிதம் சரசரத்தால் போதும், குமிழுக்குள் பாய்ந்துவிடுவாள். பாய்ந்தவள் வெளியே வரமாட்டாள். ஏனென்றால் பூசணி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வாள். சண்டை ஒன்றும் இல்லை, அவளுக்கு அந்த இடம் பிடிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற சிட்டுவுக்கு அது அடைபட்ட குகை. பற்களை நறநறவென்று உரசுகிற சத்தம் கேட்கும். கினி பன்றி அந்தச் சத்தம் போட்டால் கிட்டே வராதே என்று அர்த்தம்.

இவற்றின் காட்டு உறவினர்கள் தென் அமெரிக்கப் புல்வெளிகளில் இன்றும் இருக்கிறார்கள். பெரிதாக வளை தோண்டிக் குடியிருக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. உயர்ந்த புல்லுக்குள் நடந்து நடந்தே தடம் போட்டு வைத்திருப்பார்கள், ஆபத்து என்றால் அந்தத் தடத்தில் ஓட்டம்தான். ஒரு பக்கம் பருந்தோ நரியோ வந்தால் மறுபக்கம் போக வழி இருக்கும். அந்த வம்சத்தில் வந்த ஒன்றைப் பின்பக்கம் அடைத்த கிண்ணத்துக்குள் உட்காரவைத்துவிட்டு "பாதுகாப்பான கூடு" என்று பெட்டியில் அச்சடிப்பது எனக்கு இன்றும் ஆத்திரத்தைத் தருகிறது. ஒரு கூண்டில் இரண்டு இருந்தால் ஒவ்வொரு மறைவிடத்துக்கும் இரண்டு வழி வேண்டும் என்பது கினி பன்றி வளர்க்கிறவர்களிடையே பாலபாடம். பெட்டியின் மேல் இரண்டு கினி பன்றிகள் படத்தைப் போட்டு விற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "வீட்டை எடுத்துவிடு, ஒளிய இடம் இல்லாவிட்டால் தானாகப் பழகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எடுத்துவிட்டால் அது அசையாமல் உட்காரும், கையில் தூக்கினாலும் அப்படியே இருக்கும். "எவ்வளவு சமத்து பாருங்கள்" என்று பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். கண்கள் விரிந்திருப்பதையும் உடம்பு விறைத்திருப்பதையும் பாருங்கள். இரையாகப் பிறந்த பிராணிக்கு ஓட வழி இல்லாதபோது உறைந்துபோவதுதான் கடைசி உபாயம். ஒளிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கை இருக்கிற கினி பன்றிதான் வெளியே வந்து பார்க்கத் துணியும்.

சரி, குமிழுக்கு வருகிறேன். நான் அதை வெட்டினேன். சின்ன ரம்பத்தால் பின்புறம் கொஞ்சம் பக்கவாட்டாக இரண்டாவது வாசல். நேர் எதிரே வெட்டாமல் தள்ளி வெட்டியதற்குக் காரணம், உள்ளே இருட்டான ஒரு பக்கமாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான். அகலம் பழைய வாசலுக்குக் குறையக் கூடாது. உடம்பு பாதியில் சிக்கினால் ஆபத்து, வளர்ந்த கினி பன்றி ஒரு கிலோவைக்கூடத் தாண்டும். அரத்தால் ராவி, உப்புத்தாளால் விளிம்பு முழுக்கத் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்து, கழுவிக் காயவைத்துத்தான் உள்ளே வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்தப் பொருளின் பெரிய சந்தோஷம் என்று சொல்வேன். சிட்டு முதலில் இரண்டு வாசலையும் மாறி மாறி முகர்ந்தாள். பூசணி ஒரு பக்கம் வந்ததும் இவள் மறுபக்கம் வெளியே போனாள். ஓடவில்லை, நடந்து போனாள். அப்புறம் அதே வழியில் மறுபடி உள்ளே. புது வாசலிலிருந்து காய்ந்த புல் வைக்கிற இடம் வரைக்கும் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற துணியைக் கூண்டுக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். தலைக்கு மேல் மறைப்போடு ஒரு பாதை கிடைத்துவிட்டது. விளக்கை அணைத்த பிறகு மட்டும் தின்றுகொண்டிருந்தவள் பகலிலேயே புல்லுக்கு வர ஆரம்பித்தாள். குடைமிளகாய்த் துண்டை வாசலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வைப்பேன். மனிதரைப் போலவே இவற்றின் உடம்புக்கும் வைட்டமின் சி தயாரிக்கத் தெரியாது, தினமும் தின்று பெற வேண்டியதுதான், அதனால் இந்த லஞ்சம் எப்படியும் கொடுக்க வேண்டிய ஒன்று. கையை மேலிருந்து இறக்காமல் தரையோடு பக்கத்திலிருந்து நீட்டினேன். ஒருநாள் நின்ற இடத்திலிருந்தே நான்கு காலும் தரையை விட்டு எழும்ப, உடம்பை முறுக்கிக்கொண்டு துள்ளினாள். சோளப்பொரி வெடிப்பது போல இருப்பதால் இதைப் பாப்கார்ன் என்பார்கள். பெரும்பாலும் சந்தோஷமாக இருக்கும்போது கினி பன்றி செய்கிற காரியம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேறு குறைகள் என்றால் வெயில் காலம். இவற்றுக்கு 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் சுகம். அதற்கு மேல் ஏற ஏற மூடிய பிளாஸ்டிக்குக்குள் புழுங்கும். இரண்டாவது வாசல் காற்றுக்கும் உதவியது, ஆனாலும் கடும் வெயிலில் குமிழை எடுத்துவிட்டுத் துணிப் பந்தலும் அட்டைப்பெட்டியும் மட்டும் வைக்கிறேன். கழுவ ஒருநாள் தவறினால் அம்மோனியா நெடி உள்ளேயே தங்கும், இவற்றின் நுரையீரலுக்கு அது ஆகாது.

தோழியின் கினி பன்றி தனியாக இருக்கிறது, அதையும் பேச வேண்டும். எந்த வீடும் இன்னொரு கினி பன்றிக்கு ஈடாகாது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் ஒன்றைத் தனியாக வளர்ப்பதே சட்டப்படி கூடாது. துணை வரும்போது ஒரே வாசல் வீடு இன்னும் பெரிய தொல்லை.

ஆக, நீடித்து உழைப்பதற்கு முழு மதிப்பெண், சுத்தம் செய்ய முழு மதிப்பெண், அளவும் சரி, கடும் வெயில் நாட்கள் தவிர சிட்டு இன்றைக்கும் வேறு எதிலும் தூங்குவதில்லை. வாங்காதீர்கள். ரம்பம் எடுத்துச் சரிசெய்தால்தான் பிராணிக்கு உதவும் என்கிற பொருளுக்கு நான் பரிந்துரை தரமாட்டேன். அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, ஒட்டுநாடாவையும் பின்களையும் நீக்கிவிட்டு, இரண்டு வழி வெட்டி, உள்ளே புல்லைத் திணித்து, சுவரோரம் வைத்தால் இன்று ராத்திரிக்கே போதும். ஒரு பிராணிக்கு இரண்டு பெட்டி, இரண்டுக்கு மூன்று. அரை நாளாக எதுவும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் பயந்திருக்கிறது என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய விளிம்பைச் சிட்டு கடித்துக் கடித்துச் சொரசொரப்பாக்குகிறாள். கழுவும்போதெல்லாம் விரலை ஓட்டிப் பார்த்து, குத்தினால் மறுபடி உப்புத்தாள் போடுங்கள்.