ஐபி டிப்ளோமாவுக்கு முன் எட்டு வார வகுப்பு: எழுத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம், கணக்குக்கு வேண்டாம்

என் மகள் பத்தாவது வரை அரசுப் பாடத்திட்டத்தில், தமிழ் வழியில் படித்தவள். பதினொன்றாம் வகுப்புக்கு உதவித்தொகையோடு ஐபி டிப்ளோமாவில் (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்கிற சர்வதேசப் பாடத்திட்டம், இரண்டு வருடம்) இடம் கிடைத்தது. சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது, மறுநாளே பயம் வந்துவிட்டது. இந்தியாவிலேயே ஐபி முதலில் வந்தது எங்கள் கொடைக்கானலில்தான், 1976-ல், கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலில். இருந்தும் வில்பட்டியில் இருக்கிற எங்களுக்கு அதற்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் கிடையாது.

விசாரித்துத் தெரிந்துகொண்டது இதுதான். ஆறு பாடம். மூன்று ஹையர் லெவல், தலா 240 மணி நேரம். மூன்று ஸ்டாண்டர்ட் லெவல், தலா 150. ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண், அதற்கு மேல் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்கிற பெரிய கட்டுரைக்கும், நமக்கு ஒரு விஷயம் எப்படித் தெரியவருகிறது என்று யோசிக்க வைக்கிற தியரி ஆஃப் நாலெட்ஜுக்கும் சேர்த்து 3, மொத்தம் 45. அந்தக் கட்டுரை 4000 வார்த்தை வரை, அதுவும் மாணவர் தானே கேள்வி கண்டுபிடித்து எழுத வேண்டும். பத்தாவதில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நோட்ஸில் இருப்பதை அப்படியே எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது வேறு உலகம். அதனால்தான் ஐபிக்குத் தயார்படுத்த எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிற, மே மாதம் ஆரம்பிக்கிற இந்த வகுப்பில் சேர்த்தோம். எட்டு வாரம், 28,000 ரூபாய். குறையும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே ரொம்ப நல்லது. எழுத்து வகுப்பு எடுக்கும் டீச்சர் முதல் வாரமே ஒரு கேள்வி கொடுத்தார்: கொடைக்கானல் ஏரி இந்த ஊருக்கு எந்த அளவுக்கு நன்மை செய்திருக்கிறது? என் மகள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் வெட்டியது, நட்சத்திர வடிவம், படகுச் சவாரி, எல்லாம் இருந்தது. தாள் திரும்பி வந்தபோது மதிப்பெண்ணே இல்லை, கடைசியில் பச்சை மையில் ஒரே வரி: "இதெல்லாம் எனக்கும் தெரியும்மா, நீ என்ன நினைக்கிறாய்?" அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதுவிட்டாள். அதே கேள்விக்கு நான்கு முறை திரும்பத் திரும்ப எழுதினாள், நான்காவது தாளில் சீசன் நேரத்தில் ஏரியைச் சுற்றிக் கடை போடுகிறவர்களின் வருமானத்தையும் அங்கே சேருகிற குப்பையையும் எதிரெதிரே வைத்துத் தன் முடிவைச் சொல்லியிருந்தாள், அதைப் படித்தபோது என் மகள் எழுதியதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "விவரி" என்றால் என்ன, "மதிப்பிடு" என்றால் என்ன, "எந்த அளவுக்கு" என்று கேட்டால் எப்படி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு அந்த நான்கு தாளில்தான் புரிந்தது. பெரிய கட்டுரைக்கும் இப்படித்தான் பழக்கினார்கள். "பூண்டு விவசாயம்" என்று ஆரம்பித்தவளை, பூம்பாறையில் பூண்டைப் புகை போட்டு வைப்பவர்களுக்கும் பச்சையாக விற்பவர்களுக்கும் கிடைக்கிற விலை வித்தியாசம் என்கிற ஒரே விஷயத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கணக்கு வகுப்புதான் வருத்தம். ஐபியில் கணக்கே இரண்டு வகை, அனாலிசிஸ் ஒன்று, அப்ளிகேஷன்ஸ் ஒன்று. இஞ்சினியரிங் போகிறவர்களுக்கு எது, மற்றவர்களுக்கு எது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை வேகமாக ஓட்டினார்கள். கிராஃப் கால்குலேட்டரைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. பரீட்சைக்குக் கால்குலேட்டரே கூடாது என்று வளர்ந்த பிள்ளை, ஐபி கணக்குப் பரீட்சையில் குறைந்தது பாதியை அதை வைத்துத்தான் எழுத வேண்டும். பள்ளி திறந்த பிறகு அந்த மெஷினோடு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இன்னொன்று, இதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் அலுவலகத்தில் இருந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கட்டுரை எழுதும்போது சொல்லுங்கண்ணா, நாங்களே சரி பண்ணித் தர்றோம், தனி ஃபீஸ்" என்றார். நான் அன்றே மறுத்துவிட்டேன். அடுத்தவர் எழுதியது என்று கண்டுபிடித்தால் அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண்ணே இல்லாமல் போகும், டிப்ளோமாவும் கையில் வராது, இரண்டு வருட உழைப்பு வீண். எழுத்து டீச்சரிடம் சொன்னேன், அவருக்கு இது தெரியவே தெரியாது, முகமே வாடிப்போய்விட்டது.

போக்குவரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2024-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருந்தாலும் மே மாதத்தில் ஏழு ரோடு பக்கம் வண்டி நகராது, பாதி நாள் அவள் இறங்கி நடந்துதான் போனாள்.

அப்புறம், எழுத்து வகுப்பில் மட்டும் சேர முடியுமா என்று கேளுங்கள். போர்டில் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்த வருடம் 12,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கணக்குக்கு அந்த மீதிப் பணத்தில் ஒரு பழைய கிராஃப் கால்குலேட்டர் வாங்கி, சீனியர் பிள்ளை யாரையாவது பிடித்துப் பத்து நாள் உட்கார வையுங்கள்.