பில்டரா, சொசைட்டியே கட்டுவதா?

மும்பை செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக் கட்டடம் தரைத்தளத்தோடு மூன்று மாடி, 28 வீடுகள். தூண்களில் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்ததும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் பேச்சு வந்தது. இரண்டு வழிகள் இருந்தன. பில்டரிடம் ஒப்படைத்துவிடலாம், இல்லையென்றால் சொசைட்டியே கடன் வாங்கி, கான்ட்ராக்டரை வைத்துக் கட்டிக்கொள்ளலாம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். இப்போது எட்டாவது மாடி ஸ்லாப் போட்டாயிற்று. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

பில்டர் வழியில் நமக்கு அலைச்சல் குறைவு. நாமே கட்டினால் பில்டருக்குப் போகும் லாபம் கூடுதல் சதுர அடியாக நமக்கு வரும். இதை எல்லாப் பொதுக்குழுவிலும் பேசிவிடுகிறார்கள். பேசாமல் விடுவது ஒன்றுதான்: பணம் எந்தக் கணக்கில் இருக்கும், யார் கையெழுத்துக்கு வெளியே வரும்?

முலுண்டில் என் அத்தை வீட்டுக் கதையைச் சொன்னால் இது புரியும். 2015-இல் சொசைட்டியையே காலி செய்து பில்டரிடம் கொடுத்தார்கள். கட்டி முடியும் வரை வெளியே தங்க பில்டர் தரும் வாடகை 14 மாதம் ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றது. "இந்த மாசமும் வரலைடா" என்று மாமா போனில் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. கட்டடம் ப்ளிந்த், அதாவது அடித்தள மட்டத்தோடு நின்றுபோனது. சிமென்ட்டோ கம்பியோ காரணமில்லை. அந்த பில்டர் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் வேலை எடுத்திருந்தார். இங்கே புக்கிங்கில் வந்த பணம் இன்னொரு மனைக்குப் போனது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்து விற்பனை படுத்ததும் மூன்றும் சேர்ந்து நின்றன. மாநகராட்சி முதலில் ப்ளிந்த் வரைதான் அனுமதி தரும். அதற்கு மேலே எழும்ப, கூடுதல் எஃப்எஸ்ஐக்கான (மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பு) பிரீமியம் கட்ட வேண்டும். கட்டப் பணமில்லை. மாமாவுக்கு இப்போது 74 வயது. தன் பென்ஷனிலிருந்து தாணே நகரில் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"இப்போதுதான் ரெரா வந்துவிட்டதே" என்பார்கள். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். வந்தது, நல்லதுதான். வீடு வாங்குகிறவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் அது புதிதாக வாங்குகிறவருக்கான காவல். மனையைக் கொடுத்த பழைய உறுப்பினர் வாங்குகிறவர் அல்ல. அவருக்குப் பிடிமானம் பில்டரோடு போட்ட ஒப்பந்தம்தான். கோரேகாவில் பத்ரா சால் என்ற பழைய வரிசைக் குடியிருப்பில் 672 குடும்பங்கள் 2008 ஒப்பந்தத்தை நம்பி வெளியேறி, வாடகையும் நின்று, ஆண்டுக்கணக்கில் வீட்டுக்காகக் காத்திருந்ததை மும்பையில் அறியாதவர் குறைவு.

எங்கள் வழியில் மனை சொசைட்டி பெயரிலேயே இருக்கிறது. வங்கி கடனை மொத்தமாகத் தரவில்லை. ஆர்க்கிடெக்ட் சான்றிதழ் கொடுத்தபின் ஸ்லாப்புக்கு ஸ்லாப் விடுவிக்கிறது. எங்கள் வீடுகள் போக விற்பனைக்கு வைத்த 14 வீடுகளை சொசைட்டியே ரெராவில் பதிவு செய்தது. அந்தப் பணமும் இந்தக் கட்டடத்துக்கே வருகிறது. 30 மாத வாடகையை முதலிலேயே கடனில் சேர்த்துக் கேட்டோம். அந்த ஒரு முடிவால்தான் இன்றுவரை எந்த வீட்டுக்கும் வாடகை தவறவில்லை. நடுவில் கான்ட்ராக்டர் சரியில்லை என்று மாற்றினோம். இரண்டு மாதம் வீணானது உண்மை. ஆனால் மாற்ற முடிந்தது. அத்தை சொசைட்டி பில்டரை மாற்ற இன்னும் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது.

இதிலும் பயம் உண்டு. 14-இல் 6 வீடுகள்தான் விற்றிருக்கின்றன. வேலை நின்றாலும் வட்டி நிற்காது. உறுப்பினர்களுக்குள் சண்டை வந்தால் கூப்பிட்டுப் பேச வேறு ஆள் கிடையாது; எங்கள் செயலாளர் வங்கி வேலையை விட்டு ஓய்வு பெற்றவர், முழு நேரமும் இதற்கே கொடுத்தார். அப்படி ஒருவர் இல்லாத சொசைட்டிக்கு நான் தைரியமாகப் பரிந்துரைக்க மாட்டேன். 200 வீட்டு வளாகத்துக்கோ, தாதர் பக்கத்துப் பழைய வாடகைச் சால்களுக்கோ இது பொருந்துமா என்றால், 28 வீட்டு அனுபவத்தை வைத்துச் சொல்வது சரியாக இருக்காது. குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் ஓசி சான்றிதழ் வந்து சாவி கையில் வாங்கும் வரை எங்களுக்கே மனம் முழுதாக ஆறாது.

பில்டரிடம்தான் போவது என்று முடிவானால், பில்டர் உறுப்பினர்களுக்குத் தரும் கார்பஸ் தொகையைக் கூட்டிக் கேட்பதைவிட, அவர் தவறினால் வங்கி பணம் தரும் என்ற வங்கி உத்தரவாதத்தைக் கேளுங்கள். திட்டச் செலவில் 20 சதவீதத்துக்கு வாங்கலாம் என்று மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அத்தை சொசைட்டியில் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அந்த உத்தரவாதத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் காகிதம் கையில் இருந்திருந்தால், வாடகை நின்ற மாதமே வங்கிக்குப் போயிருக்கலாம்.