நடிப்பா, மேடை நிர்வாகமா? நாடகம் படிக்கப் போகிறவர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கல்லூரியில் நாடகத்தை முதன்மைப் பாடமாக எடுப்பது என்று முடிவான பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. பல துறைகளில் முதல் ஆண்டு எல்லாருக்கும் பொது: கொஞ்சம் நடிப்பு, கொஞ்சம் நாடக வரலாறு, கொஞ்சம் மேடைக் கைவேலை. பிறகு பாதை பிரியும். ஒரு பக்கம் நடிப்பு. மறுபக்கம் மேடை நிர்வாகம், ஒளி, ஒலி, அரங்க அமைப்பு, உடை எல்லாம் சேர்ந்த தயாரிப்புப் பிரிவு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடிப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று நிற்பவரை விட்டுவிட்டால், மற்ற எல்லாருக்கும் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதிலும் குறிப்பாக மேடை நிர்வாகம்.

நடிப்புத் தொழிலில் போட்டி அதிகம், வருமானம் ஏறி இறங்கும் என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை இங்கே நீட்டப் போவதில்லை. பின்னால் வேலை செய்வது கலையில் சேராது என்ற எண்ணத்துக்கும் ஒரு வரி போதும். நாட்டிய சாஸ்திரத்தின் ஆசிரியராகச் சொல்லப்படும் பரதர், நால்வகை அபிநயம் சொன்னபோது ஆங்கிகம் (உடலசைவு), வாசிகம் (பேச்சு), சாத்துவிகத்தோடு (உள்ளுணர்வு) ஆகாரியத்தையும் சேர்த்தே வைத்தார். உடை, அணி, ஒப்பனை, மேடைக்காகச் செய்யப்படும் பொருள்கள் எல்லாம் அதில் அடக்கம்.

முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: படிக்கும் காலத்தில் எத்தனை தயாரிப்புகளில் பொறுப்போடு வேலை செய்யக் கிடைக்கும்? நாடகம் வகுப்பறையில் பாதிதான் வரும். மீதி, பார்வையாளர் உட்கார்ந்திருக்கும்போது தவறு செய்து திருத்திக்கொள்வதில் வருகிறது.

ஒரு கற்பனைத் துறையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 தயாரிப்புகள், ஒவ்வொன்றிலும் 8 பாத்திரங்கள். மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து நடிப்பு மாணவர்கள் 60 பேர். ஆண்டுக்கு 32 பாத்திரங்களை 60 பேர் பங்கிட வேண்டும். மூன்று ஆண்டு முடிவில் ஒருவர் பங்குக்கு சராசரியாக ஒன்றரைப் பாத்திரம் வரும். இதில் கனமான பாத்திரம் நாடகத்துக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஆண்டுக்குப் பத்து என்று வைத்தாலும் ஒருவருக்கு மூன்று ஆண்டில் அரைப் பாத்திரம். அதாவது, குறைந்தது பாதிப் பேர் ஒரு கனமான வேடம்கூடத் தாங்காமல் பட்டம் வாங்குவார்கள். நடைமுறையில் பங்கீடு இவ்வளவு சமமாகவும் இருக்காது. நன்றாகச் செய்த நாலைந்து பேரையே இயக்குநர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு வேடமே தருவதில்லை என்று விதி வைத்திருக்கும் துறைகளும் உண்டு.

அதே துறையில் தயாரிப்புப் பிரிவில் 15 பேர் என்று கொள்வோம். ஒரு நாடகத்துக்கு ஒரு மேடை நிர்வாகி, இரண்டு உதவியாளர்கள், ஒளி வடிவமைப்பாளர், அவருக்கு உதவியாளர், ஒளிப் பலகை (விளக்குகளைக் கட்டுப்படுத்தும் கருவி) இயக்குபவர், ஒலி வடிவமைப்பாளர், ஒலி இயக்குபவர், அரங்க அமைப்பு, மேடைப் பொருள்கள், உடை வடிவமைப்பு, உடைப் பராமரிப்பு என்று பன்னிரண்டு பேர் தேவை. ஆண்டுக்கு 48 இடங்கள், 15 பேர். ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்றுக்கு மேல், மூன்று ஆண்டில் கிட்டத்தட்ட பத்து. ஒன்றரைக்கும் பத்துக்கும் உள்ள தூரத்தை எந்தப் பாடத்திட்டமும் ஈடுகட்டாது.

எண்கள் துறைக்குத் துறை மாறும், விகிதம் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாயும். ஒரு விதிவிலக்கு உண்டு. வடிவமைப்பு முழுவதையும் ஆசிரியர்களோ வெளியிலிருந்து வரும் தொழில்முறையாளர்களோ செய்துவிட்டு, மாணவர்களைப் பெட்டி தூக்கவும் பொத்தான் அழுத்தவும் மட்டும் வைத்துக்கொள்ளும் துறைகள். அங்கே பத்துத் தயாரிப்பு என்பது ஒரே வேலையைப் பத்து முறை செய்ததுதான்.

இரண்டாவது வித்தியாசம், தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது. ஒளியில் ஒரு சின்ன உதாரணம். விளக்குகளைப் பலகையோடு இணைக்கும் டிஎம்எக்ஸ்512 முறையில் ஒரு இணைப்புத் தொகுதிக்கு 512 சேனல்கள், அதாவது தனித்தனிக் கட்டுப்பாட்டு வழிகள். ஒரு விளக்கு எந்தச் சேனலில் தொடங்குகிறதோ அதுவே அதன் முகவரி. 8 சேனல் எடுக்கும் எல்இடி விளக்கு ஒன்றுக்கு முகவரி 1 கொடுத்தால் அது 1 முதல் 8 வரை பிடித்துக்கொள்ளும். அடுத்ததற்கு 9 கொடுக்க வேண்டும். கை தவறி 8 கொடுத்தால் முதல் விளக்கின் கடைசிச் சேனலும் இரண்டாவதன் முதல் சேனலும் ஒன்றாகிவிடும். முதலாவதன் கடைசிச் சேனல் மின்னலடிப்புக்கும், இரண்டாவதன் முதல் சேனல் வெளிச்ச அளவுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தால், இரண்டாவது விளக்கை ஏற்றும் ஒவ்வொரு முறையும் முதல் விளக்கு படபடவென்று மின்னும். சோகக் காட்சியின் நடுவில் இது நடந்தால் எல்லாரும் பலகையைப் பார்த்துப் பதறுவார்கள். கோளாறு இருப்பதோ மேலே தொங்கும் விளக்கின் பின்புறத்தில். ஏணி ஏறி ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. இப்படி ஒரு முறை மாட்டிக்கொண்டவர் முகவரிப் பட்டியல் எழுதாமல் விளக்கைத் தொங்கவிட மாட்டார்.

நடிப்பில் இது இல்லை. காட்சி எடுபடவில்லை என்றால் குரலா, எதிராளி பேசுவதைக் கேட்காமல் தன் அடுத்த வசனத்துக்குக் காத்திருந்ததா, கதாபாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதே தெளிவில்லையா என்று பிரித்துச் சொல்ல நல்ல கண்ணுள்ள ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடிப்புப் பிரிவின் தரம் முழுக்க அந்த ஓரிரு ஆசிரியர்களைப் பொறுத்தது. அவர் மூன்றாவது ஆண்டில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் பாதி வழியில் முறையே மாறிவிடும். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வழியில் நோக்கம், தடை என்று பிரதியைக் கூறுபோட்டுப் பழகியவர் திடீரென உடலசைவிலிருந்து தொடங்கும் முறைக்கு மாறினால், சில மாதங்களுக்கு இரண்டும் கையில் இருக்காது.

மேடை நிர்வாகத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நாடகம் முழுவதும் ஒரே ஆளின் மேசையில் வந்து சேரும் இடம் அதுதான். அதன் மையக் கருவி பிராம்ப்ட் புத்தகம். வழக்கமான அமைப்பில், விரித்து வைத்தால் ஒரு பக்கம் நாடகப் பிரதி, எதிர்ப்பக்கம் நடிகர்களின் நகர்வுகள், பிரதியின் ஓரத்தில் குறிப்புகள் (கியூ), அதாவது ஒளியோ ஒலியோ மாற வேண்டிய இடங்கள். ஒளிக் குறிப்பு 42, ஒலிக் குறிப்பு 17 என்று எண்ணிட்டு, எந்தச் சொல்லில் அல்லது எந்த அசைவில் அது விழ வேண்டுமோ அங்கே பென்சிலால் கோடு. பேனா கூடாது, அரங்கேற்றத்துக்குள் பாதிக் குறிப்புகள் இடம் மாறும். காட்சி நேரத்தில் ஹெட்செட்டில் முன்கூட்டியே "ஸ்டாண்ட்-பை லைட் 42, சவுண்ட் 17" என்று சொல்லி, இயக்குபவர்களிடமிருந்து பதில் வந்த பிறகு, "லைட் 42, சவுண்ட் 17, கோ." "கோ" கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் கை அந்த ஒலிக்கே அழுத்தும். முதலில் சொல்லிவிட்டு எண்ணைப் பிறகு சொன்னால் தவறான விளக்கு எரிந்திருக்கும். ஹெட்செட்டில் சாதாரணப் பேச்சில்கூட அந்தச் சொல்லைத் தவிர்ப்பது இதனால்தான்.

புத்தகம் சரியாக இருக்கிறதா என்பதற்குச் சோதனை எளிது: நிர்வாகி காய்ச்சலில் படுத்தால் இன்னொருவர் அதை எடுத்து வைத்து அன்றைய காட்சியை நடத்த முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அது நாட்குறிப்பு, பிராம்ப்ட் புத்தகம் அல்ல.

பட்டத்துக்குப் பிறகும் இது கைகொடுக்கிறது. வேலைக்குப் போகும் இடத்தில் அந்தப் புத்தகம், ஒத்திகை அறிக்கைகள், காட்சி அறிக்கைகள், கால அட்டவணைகளை மேசைமேல் வைக்கலாம். ஐந்து நிமிடம் புரட்டினாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். நடிகருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு நடிகர் தேர்விலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஒன்றோ இரண்டோ நிமிடத்தில் காட்ட வேண்டும். அங்கே பட்டச் சான்றிதழை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. தவிர, காட்சி நடத்தத் தெரிந்தவருக்கு இசை நிகழ்ச்சி, மாநாடு, கண்காட்சி, நேரலை ஒளிபரப்பு என்று பக்கத்துக் கதவுகள் பல. ஒளி, ஒலி படித்தவருக்கும் அப்படியே. டிஎம்எக்ஸ்512 வந்தது 1986இல். விளக்குகள் எல்இடிக்கு மாறின, தகவல் கணினி வலையமைப்பில் ஓடத் தொடங்கியது, ஆனாலும் 512 சேனல் என்ற அடிப்படை இன்னும் நிற்கிறது. மென்பொருள்கள் மாறுவது உண்மைதான், அதைப் பிடித்துக்கொள்ளலாம். உடை வடிவமைப்பைப் பற்றி மட்டும் இதே உறுதியோடு பேச மாட்டேன். அங்கே வெட்டும் தையலும் எவ்வளவு கைக்கு வருகிறது என்பதே முக்கால்வாசி தீர்ப்பு, என் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது.

தயாரிப்புப் பிரிவின் குறைகளும் சின்னவை அல்ல. முதல் குறை நேரம். அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரத்தில் ஒளி, ஒலி, அரங்கம் எல்லாம் சேரும் தொழில்நுட்ப ஒத்திகை வரும். வசனங்களைத் தாண்டிக் குறிப்பிலிருந்து குறிப்புக்குத் தாவுவதே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இழுக்கும். நடிகர்கள் கிளம்பிய பிறகும் மறுநாள் பட்டியல் எழுத வேண்டும். ஆண்டுக்கு மூன்று தயாரிப்பு என்றால் இப்படி மூன்று வாரம், அதில் ஒன்றாவது தேர்வோடு மோதும். இந்தப் பிரிவில் பின்தங்குபவர்கள் பெரும்பாலும் எழுத்துத் தாள்களில்தான் பின்தங்குகிறார்கள். இரண்டாவது, ஒரு வேலையை நன்றாகச் செய்தால் அதற்கே முத்திரை குத்திவிடுவார்கள். ஒலிப் பலகையை இரண்டு முறை பிசகாமல் இயக்கியவரை மூன்றாம் முறையும் அங்கேயே உட்கார வைப்பார்கள். இரண்டாம் ஆண்டிலேயே "அடுத்ததில் வடிவமைப்பு வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மூன்றாவது, பின்வழியாக நுழைந்து நடிகராகிவிடலாம் என்ற திட்டம் பலிப்பது அரிது. ஒத்திகை நேரம் முழுவதும் குறிப்புப் புத்தகத்தோடு இருப்பவருக்கு வேடம் எடுக்க நேரம் ஏது?

நடிப்புப் பிரிவு யாருக்குச் சரி? தினமும் மூன்று மணி நேரம் உடலும் குரலும் இன்னொருவர் கண்முன் பயிற்சி பெற வேண்டும் என்பவருக்கு. இது வீட்டில் தனியாக வராது. எதிரே ஒரு ஆள் வேண்டும், அவர் சொன்ன அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் கவனத்தைத் தன்னிடமிருந்து அவர்மேல் மாற்றும், அமெரிக்க நடிப்பு ஆசிரியர் மைஸ்னரின் பயிற்சி இரண்டு பேர் இல்லாமல் நடக்கவே நடக்காது. பராமரிப்புச் செலவும் இங்கே அதிகம். பட்டம் வாங்கிய பிறகும் தினமும் இருபது நிமிடம் குரல் பழக்கம், உடல் பழக்கம், கையிருப்பில் எப்போதும் மாறுபட்ட இரண்டு தனிமொழிகள். தொண்டையை இறுக்கிக் கத்துவதே வீச்சு என்று நினைத்தவர்களுக்குக் குரல் நாண்களில் முடிச்சு விழுவதும் உண்டு. அதற்குப் பிறகு குரலுக்கு ஓய்வும் சிகிச்சையும் தேவைப்படலாம்.

எந்தப் பக்கம் போவதானாலும் சேர்வதற்கு முன் துறையிடம் கேட்க வேண்டியவை சில. கடந்த இரண்டு ஆண்டுகளின் நாடக அறிமுகத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். நடிகர் பட்டியலில் எத்தனை பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணுங்கள். வடிவமைப்பு வரிகளில் மாணவர் பெயர் இருக்கிறதா, ஆசிரியர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிராம்ப்ட் புத்தகம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி எதுவும் வைப்பதில்லை என்றால் அங்கே மேடை நிர்வாகம் பாடமாக இல்லை, எடுபிடி வேலையாகத்தான் இருக்கிறது. முடிந்தால் ஒரு தொழில்நுட்ப ஒத்திகையில் பின்வரிசையில் உட்கார்ந்து, "கோ" சொல்வது மாணவரா ஆசிரியரா என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நடிப்புத்தான் என்றால் தாராளமாக எடுங்கள். ஒன்று மட்டும்: மேடை நிர்வாகத்தை விருப்பப் பாடமாக இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளினால், அந்த அரைப் பாத்திரம் உங்களுக்கு விழும் பருவத்திலேயே அதுவும் வந்து மோதும்.