கோட்டை வாசல் நடை: வழிகாட்டி அருமை, பயிற்சித்தாளைத் திருத்த வேண்டும்

திருகோணமலையில் தரம் 10, 11 மாணவர்களுக்கென நடத்தப்படும் மூன்று மணிநேரப் பிரட்ரிக் கோட்டை நடைக்குப் பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். கையில் தரும் பயிற்சித்தாளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நடையின் உயிர் கோட்டை வாசலில் இருக்கிறது. அங்குள்ள கல்லில் சிதைந்த தமிழ் வரிகள். வழிகாட்டி எடுத்த எடுப்பில் பாட்டைச் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை மட்டும் எழுதச் சொல்கிறார். அதன் பிறகே 'முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே' என்ற ஊரறிந்த வரிகளைச் சொல்லி (குளக்கோட்டன் கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன், பறங்கி என்பது போர்த்துக்கேயர்), எது கல்லில் உள்ளது, எது வாய்வழியாக நிரம்பியது என்று பிரிக்க வைக்கிறார். இது முன்கூட்டிச் சொன்னதா, போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்த பிறகு எழுதியதா என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். ஆதாரத்தை வாசிப்பது என்றால் இதுதான்.

கைபேசி டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்துத் துலங்கும். நேரே அடித்தால் வெளிறிவிடும். சோக்குப் பூச விடாதீர்கள், கல் கெடும். கோயிலுக்குப் போகும் வாகனங்களும் அதே வாசலால்தான் போகும். ஆகவே பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம்.

பயிற்சித்தாளில் மூன்று பெட்டிகள்: போர்த்துக்கேயர் 1505–1658, ஒல்லாந்தர் 1658–1796, ஆங்கிலேயர் 1796–1948. இது தீவுக்கான பொதுக் கணக்கு, இந்தக் கோட்டைக்குப் பொருந்தாது. கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1639இலேயே பிடித்துவிட்டார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படை, பிறகு மறுபடி ஒல்லாந்தர், 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். ஏன் இத்தனை இழுபறி? வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை, இங்கே உண்டு. இந்தக் காரணம் தாளில் எங்குமே இல்லை. அதனால்தான் பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறார்களே தவிர, பேரரசுக்குத் துறைமுகம் எதற்கு என்று யோசிப்பதில்லை.

பெட்டிகளுக்குப் பதிலாக 68 சென்ரிமீற்றர் தாள் நாடா கொடுங்கள்: 1620 முதல் 1960 வரை, பத்தாண்டுக்கு 2 சென்ரிமீற்றர். ஆட்சி மாறும் இடமெல்லாம் நிறம் மாறட்டும். அநேகமானோர் 1948இல் நிறுத்திவிடுவார்கள். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரை இங்கேதான் இருந்தது என்று சொல்லி, அந்த ஒன்பது ஆண்டுக்கு என்ன நிறம் என்று கேளுங்கள்.