பழைய எம்எக்ஸ்-5ஆ, பழைய கோல்ஃப் ஜிடிஐயா?

1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற கூரை மடக்கும் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ என்ற வேகமான ஹேட்ச்பேக் கார், இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை: எம்எக்ஸ்-5இல் 1.6 லிட்டர் எஞ்சின், கோல்ஃபில் எட்டு வால்வு 1.8 லிட்டர், சக்தி இரண்டிலும் 110 குதிரைத்திறனை ஒட்டித்தான், எடையும் ஏறக்குறைய 1 டன்.

வளைவு வந்தால்தான் குணம் தெரியும். எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் எம்எக்ஸ்-5, மணிக்கட்டை லேசாக அசைத்தாலே கியர் விழுந்து, நினைத்த இடத்தில் திரும்பிவிடும். கோல்ஃபில் எஞ்சின் சுழற்றுவது முன்சக்கரங்களை. வேகமாகத் திருப்பினால் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கும், ஆனால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுக்கும்.

சரி, அன்றாடப் பாட்டுக்கு? எம்எக்ஸ்-5இல் இரண்டே சீட்டு, டிக்கியில் பேட்டரியும் ஸ்டெப்னியும் உட்கார்ந்துகொள்ள மிச்ச இடத்தில் இரண்டு பை. கூரையை மடக்குமுன் பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடியின் ஜிப்பைத் திறக்க வேண்டும், மறந்தால் மடிப்பு விழும். கோல்ஃபில் பின்சீட்டைச் சாய்த்தால் சைக்கிளே போகும்.

ஒரே வண்டிதான் என்றால் கோல்ஃப். எனக்கு ஆசை என்னவோ எம்எக்ஸ்-5 மேல்தான். வாங்குவதானால் கூரைத் தண்ணீர் வடியும் துளைகளைப் பாருங்கள், அடைத்திருந்தால் கதவுக்குக் கீழே துருப்பிடித்திருக்கும்.